அவரும் படிப்பார்

(மகளிர் கல்லூரி ஒன்றின் இதழியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'தகவல் தொடர்பு அலுவலர், தொண்டு நிறுவனம்' என்று மட்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிறுவனத்தின் பெயரை ஏன் போடக்கூடாது என்று துறைத்தலைவர் கேட்டார். கணவர் வீட்டில் அடிபட்டு வெளியே வரும் பெண்களுக்காக வேலை செய்கிறோம், ஒரு காப்பகமும் நடத்துகிறோம், அதற்கு மேல் வேண்டாம் அம்மா என்றேன். என் முகமும் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டால், சாயங்காலம் நான் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குகிறேன் என்று தெரிந்துகொள்ள ஒருவருக்கு அரைநாள் போதும். அந்த ஒருவர் எங்களிடம் வந்திருக்கும் ஏதோ ஒரு பெண்ணின் கணவராக இருப்பார். ஊருக்குத் தெரியப்படுத்துவதே வேலையாக இருப்பவள் தன் அலுவலகத்தின் பெயரை மறைத்துக்கொண்டு மேடையேறுவது வேடிக்கைதான். இந்த வேலையே அப்படிப்பட்டது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 11ஆவது பிரிவைச் சட்டக் கல்லூரி மாணவர்கள்கூட வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை வழியாக இந்தச் சட்டத்தை அவ்வப்போது பரவலாகத் தெரியப்படுத்துவது அரசின் கடமை என்கிறது அது. அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு, தேவைப்பட்டால் விசாரணையை மூடிய அறைக்குள் நடத்தலாம் என்கிறது. சட்டத்தின் கீழ் வந்த விதிகளோ, ஒரு பெண் கேட்டுக்கொண்டால் அவள் காப்பகத்தில் இருக்கும் விஷயத்தை எதிர்த்தரப்புக்குச் சொல்லக்கூடாது என்கின்றன. உரக்கச் சொல் என்று ஒரு பிரிவு, வாயைத் திறக்காதே என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே கையால் செய்யச் சொல்லி எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

விளம்பர வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம், வாசகர் யாரென்று தெரிந்துகொள் என்பது. எங்கள் வாசகி யாரென்று எங்களுக்குத் தெரியும். அவள் கையில் இருக்கும் போனைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. சிம் கணவர் பெயரில். ரீசார்ஜ் அவர் செய்வது. லாக் எடுக்கும் கோலம் அவருக்கும் தெரியும், ஏன் பிள்ளைக்கும் தெரியும். பேங்க் எஸ்.எம்.எஸ். அவர் நம்பருக்குப் போகும். பஸ்ஸுக்குக் கொடுத்த இருபது ரூபாயை ஜிபேயில் கொடுத்திருந்தால், எந்த ஊர் பஸ் என்று ராத்திரி கேள்வி வரும். ஆகவே நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் அவரும் படிப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறோம். அவளுக்குப் புரிய வேண்டும், அவர் கண்ணில் பட்டாலும் ஒன்றும் ஆகக்கூடாது. என் தொழில்நுட்பம் மொத்தமும் இவ்வளவுதான். மீதியெல்லாம் இதன் கிளைகள்.

நான் சேர்வதற்கு முன்பிருந்த துண்டறிக்கை ஒன்று அலுவலக அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. மேலே சிவப்பில் 'அடி வாங்கியது போதும்!' என்று கொட்டை எழுத்து, கீழே முழங்காலில் முகம் புதைத்த பெண். கருத்தரங்கு மேசையில் பரப்பினால் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் பெண் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள்? அதற்குப் பதில் ஒரு காலண்டர் அட்டை போட்டோம். ஒரு பக்கம் அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, அரசு விடுமுறை. மறுபக்கம் அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, குழந்தைகளுக்கு 1098, மகளிருக்கு 181. கடைசி வரியில் சுயதொழில் ஆலோசனை என்று போட்டு எங்கள் எண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாளில், கணவரும் மாமியாரும் வெளியே பெஞ்சில் இருக்கும் நேரம் பார்த்து, நர்ஸம்மா அட்டையைக் கொடுத்து வாய்வழியாகச் சொல்வார்: "கடைசி நம்பர் எதுக்குன்னு ஞாபகம் வெச்சுக்கம்மா." பல வீடுகளில் அந்த அட்டையை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியதே கணவர்தான் என்று பெண்கள் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

இந்த ரகசியத்தை மேடையில் போட்டு உடைக்கலாமா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அந்த அட்டை இப்போது புழக்கத்தில் இல்லை. இப்போது இருப்பது என்னவென்று கேட்காதீர்கள்.

அட்டையைவிடப் பெரிய தலைவலி ட்ரூகாலர். அலுவலக எண்ணிலிருந்து கூப்பிட்டால் எதிர்முனையில் 'லேடீஸ் கவுன்சிலிங்' என்று திரையில் வருகிறது. நாங்கள் அப்படிப் பதியவில்லை. நல்ல மனசுள்ள யாரோ தன் போனில் அப்படிச் சேமித்துவைக்க, அது ஊர் முழுக்கத் தெரிகிறது. எங்கள் எண்கள் யார் யார் போனில் என்ன பெயரில் திரிகின்றன என்று தேடிப் பார்ப்பதும் என் வேலைப் பட்டியலில் உண்டு. பல்கலைக்கழகத்தில் எந்தத் தாளிலும் இது வராது. பெண் முதல் தடவை கூப்பிடும்போதே எங்கள் கவுன்சிலர்கள் கேட்டுவிடுவார்கள்: "இந்த நம்பருக்கு நாங்க திரும்பக் கூப்பிடலாமா? வேற யாராச்சும் எடுத்தா எங்கருந்துன்னு சொல்லணும்?" ரேஷன் கடை என்பார்கள், ஸ்கூல் மிஸ் என்பார்கள். இதுவரை கேட்டதில் சிறந்தது 'குழு லோன்'. தவணை பாக்கி என்று சொன்ன மாத்திரத்தில் அவர் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவாராம்.

இங்கிலாந்தில் இதுபோன்ற அமைப்புகளின் இணையப் பக்கங்களில் உடனே வெளியேறும் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் பக்கம் மறைந்து வானிலை அறிக்கை போல ஏதாவது வந்து நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பார்த்த பக்கங்களின் பட்டியல் போனில் அப்படியே இருக்கும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் சிக்கல் வேறு இடத்தில். சமையலறையில் அவள் போனில் யூடியூபில் எங்கள் வீடியோ ஒன்றைப் பார்த்திருப்பாள். ஹாலில் இருக்கும் ஸ்மார்ட் டிவியும் அதே கணக்கில் ஓடுகிறது. ராத்திரி அவர் டிவியைப் போட்டால், 'கணவர் அடித்தால் என்ன செய்யலாம்?' என்று முதல் வரிசையில் எங்கள் அடுத்த வீடியோ வந்து நிற்கும். அதனால் எங்கள் வீடியோக்களுக்கு நாங்கள் வைக்கும் தலைப்புகள் சப்பென்று இருக்கும். 'பெண்களுக்கான சட்டத் தகவல் – பகுதி 4.' கிளிக் வராது என்று உங்களைப் போன்ற இளைஞர்கள் எங்களிடம் சண்டை போடுவார்கள். வரவேண்டாம்.

படத்துக்கு வருவோம். முகத்தை மங்கலாக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஊடகங்களில் ஆழமாக வேரூன்றிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்த பெண், நிழலுருவம், குரலை மாற்றியாயிற்று, வேறென்ன வேண்டும்? ஒரு தெருவே அவளைக் கண்டுபிடிக்க அந்தக் கொண்டை போதும், காலில் கிடக்கும் மெட்டி போதும். மடியில் இருக்கும் பிள்ளையின் கழுத்துப் பட்டையின் நிறம் எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடும். பின்னால் மைக்கில் பஸ்ஸின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டால் ஊரே வெளிப்பட்டுவிடும். குரலைத் தடிமனாக்கலாம், 'போச்சுங்க', 'வந்தேனுங்க' என்று அவள் பேசும் கொங்குத் தமிழை எதைக் கொண்டு மாற்றுவது? இதற்கு மேல், போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்து கிடக்கும். அப்படியே அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும்.

சம்மதம் வாங்கித்தான் போடுகிறோம் என்பார்கள். காப்பகத்துக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணிடம் படம் எடுக்கட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். "நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்வேனா மேடம்?" என்பாள். அது சம்மதம் ஆகாது. சோறு போட்டவருக்குச் செய்யும் நன்றி. பிரிந்து வரும் நாட்கள்தான் உயிருக்கு ஆபத்து அதிகமான நாட்கள் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 'என்னை விட்டுப் போயிடுவியா' என்பதுதான் பல கொலைகளுக்கு முந்தைய பேச்சு. நிதி தருபவர்களுக்குக் கதை தேவைப்படுவதும் சரியாக அந்த நாட்களில்தான். அழுகை புதிதாக இருக்குமல்லவா. நாங்கள் காப்பகத்தில் இருக்கும் எவரிடமும் கதை கேட்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறோம். வெளியே போய், வேலை கிடைத்து, காலூன்றிய பிறகு தானாக வந்து சொல்கிறேன் என்பவர்கள் சொல்லலாம். அவர்களும் சொன்னதை எந்த நாளிலும் திரும்பப் பெறலாம். ஒரு பெண் அப்படித் திரும்பக் கேட்டபோது காரணம் விசாரித்தேன். கணவர் எங்கோ போய்விட்டார், அவரால் பயமில்லை. "பொண்ணு இப்ப எழுத்துக் கூட்டிப் படிக்கிறா மேடம்" என்றாள். இணையத்திலிருந்து எடுத்துவிடலாம். அச்சடித்துக் கொடுத்த ஆண்டறிக்கையை யார் யார் வீட்டிலிருந்து திரும்ப வாங்குவது? இதனால்தான் எங்கள் ஆண்டறிக்கையில் முகமும் இல்லை, முதுகும் இல்லை. படமில்லாத அறிக்கையைப் பார்த்து ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அதிகாரி, "டச்சிங்கா ஒண்ணும் இல்லையே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்துக்குக் காட்ட அவருக்கு ஏதாவது வேண்டும்.

கதைக்குப் பதில் நாங்கள் எழுதுவது நடைமுறை. தொலைபேசியில் பெண்கள் மெதுவாகக் கேட்கும் கேள்விகளைக் கேளுங்கள். போலீஸ் வீட்டுக்கு வந்துருவாங்களா? காசு கேப்பீங்களா? புள்ளைங்களப் புடுங்கிருவாங்களா? டிவில வருமா? கடைசிக் கேள்வி குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சிகள் நமக்கு விட்டுப்போன சொத்து. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எழுத்துக்குக் கண்ணீர் தேவையில்லை. 181க்குக் கூப்பிட்டால் முதலில் என்ன கேட்பார்கள், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் எழுதும் அறிக்கையில் என்னென்ன கட்டங்கள், இலவசச் சட்ட உதவிக்குப் பெண்ணாக இருந்தால் போதும், வருமானச் சான்றிதழ் வேண்டாம், மனு கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணைத் தேதி வர வேண்டும் என்று சட்டம் சொல்வது, நிஜத்தில் அது தள்ளிப்போவது, எல்லாவற்றையும் எழுதுகிறோம். படிக்கச் சுவாரசியமில்லை என்பது உண்மை. எங்களுக்கு அழைப்பு வருவது இவற்றைப் படித்துத்தான்; துயரக் கதைகளைப் படித்தவர்கள் அனுதாபம் தெரிவித்து இரண்டு வரி எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

உங்களில் சிலர் நாளை பத்திரிகை அலுவலகங்களில் உதவி ஆசிரியர்களாக உட்காரப் போகிறீர்கள். நானும் அங்கிருந்து வந்தவள்தான், அந்த மேசையின் அவசரம் தெரியும். மனைவி கொலைச் செய்திக்கு நம்மிடம் வார்ப்பு தயாராக இருக்கிறது. குடும்பத் தகராறு, வாக்குவாதம் முற்றியது, ஆத்திரமடைந்த கணவர், பிறகு கத்தி. நடத்தையில் சந்தேகம் என்றோ சமைக்கத் தாமதம் என்றோ ஒரு காரணம். அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கொன்றவர் ஸ்டேஷனில் சொன்னது. அவளுடைய காரணத்தைச் சொல்ல ஆள் இல்லை. காலையில் டீக்கடையில் அதைப் படிக்கும் இன்னொருவர், சந்தேகம் வந்தால் இதெல்லாம் நடப்பதுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். அவரும் படிப்பார் என்று நான் சொல்வது இந்த இடத்துக்கும் பொருந்தும். 'அவர் போலீசில் கூறியதாவது' என்று சேர்ப்பதற்கு ஒரு வரி இடம் போதும். இதற்கு முன் அவள் புகார் கொடுத்திருந்தாளா என்று நிருபரைக் கேட்க ஒரு போன் போதும். தற்கொலைச் செய்திக்குக் கீழே உதவி எண் போட நம் பத்திரிகைகள் பழகிவிட்டன. மனைவி கொலைச் செய்திக்குக் கீழே 181 ஏன் வருவதில்லை என்பதற்கு எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

பெயர் விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 228ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆவது பிரிவு. கணவரிடம் அடி வாங்கிப் புகார் கொடுத்தவளுக்கு அப்படி ஒரு காப்பு அந்தப் பிரிவில் இல்லை. அவள் பெயர், வயது, தெரு, வேலை பார்க்கும் கம்பெனி எல்லாவற்றையும் போடலாம், கேட்க முடியாது. ஆக, போடாமல் விடுவது மேசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அவள், அவர் இருவரையும் விட்டுவிட்டு மூன்றாவது ஆளிடம் பேசிய ஒரு பிரச்சாரம் உண்டு. பிரேக்த்ரூ என்ற அமைப்பு 2008இல் தொடங்கிய 'பெல் பஜாவோ'. உள்ளே அடி விழும் சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போய் மணியடித்து ஏதோ ஒரு சாக்குச் சொல்கிறார். அவ்வளவுதான். அறிவுரையும் இல்லை, கதாநாயகத்தனமும் இல்லை. நம் ஒண்டுக்குடித்தன வீடுகளில் சர்க்கரை கேட்டுக் கதவைத் தட்டிய கிழவிகள் இதை விளம்பரம் இல்லாமலே செய்தார்கள். குடும்ப வன்முறைச் சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கிறது: 4ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தில் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. 2020இல் கொரோனா ஊரடங்கில் கனடாவின் பெண்கள் அறக்கட்டளை ஒன்று கை சைகை ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை மடித்து, மற்ற விரல்களால் மூடுவது. வீடியோ அழைப்பில் சத்தமில்லாமல் உதவி கேட்க. அது உலகமெல்லாம் பரவியது. 2021இல் அமெரிக்காவில் காரில் கொண்டுபோகப்பட்ட ஒரு சிறுமி அந்தச் சைகையால் மீண்டாள். ஆனால் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த சைகை அவருக்கும் தெரிந்த சைகை. பக்கத்து வீட்டு மணிக்கு அந்தச் சங்கடம் இல்லை.

எங்கள் கவனம் இப்போது இன்னொரு மூன்றாம் ஆளிடம் போயிருக்கிறது. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர், தமிழ்நாட்டில் 38 பேர். வன்முறையைச் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவே இல்லை. உதவி கேட்ட சிலரும் பெரும்பாலும் போனது ஸ்டேஷனுக்கு இல்லை, 1992இலிருந்து நம் மாநிலத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருந்தும்கூட. அவர்கள் போனது தாய் வீட்டுக்கு. அங்கே அவளுக்குக் கிடைப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. அனுசரிச்சுப் போ. தங்கச்சி கல்யாணம் இருக்கு." அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மகள் வந்து நின்றால் அடுத்து என்ன செய்வதென்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் அம்மாக்களுக்காக ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறோம். மகள் வெளியே வந்துவிட்டதால் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை போய்விடாது. வழக்குக்காக மருமகன் ஊருக்கு அலைய வேண்டாம், அவள் இப்போது தங்கியிருக்கும் உங்கள் ஊர் கோர்ட்டிலேயே மனு கொடுக்கலாம். ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை ரசீது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தை நெரித்தார் என்று அவள் சொன்னால், தடயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அதன்பிறகு தனியாக அனுப்பாதீர்கள். என்னைக் கேட்டால் மொத்தத் தாளும் இந்தக் கடைசி வரிக்காகத்தான்.

ப்ரூஃபை எடுத்துக்கொண்டு ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினோம். உரிமை, கோர்ட் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு ஒரு அம்மா, "எல்லாம் சரி. மருமகன் வந்து வாசல்ல நின்னு, கால்ல விழுந்து அழுதா நான் என்ன செய்யறது?" என்று கேட்டார். எங்கள் தாளில் அதற்குப் பதில் இல்லை. வக்கீலையும் கவுன்சிலரையும் வைத்துக்கொண்டு மூன்று வரி எழுதினோம். தண்ணீர் கொடுங்கள், மரியாதைக் குறைவாகப் பேச வேண்டாம். மகளை அன்றைக்கே அனுப்பாதீர்கள், கூடவே வெளியே அழைத்துப் போகவும் விடாதீர்கள். பேசுவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். இதையும் அவர் படிக்கக்கூடும். அந்த வீட்டுக்கு விருந்துக்கு வருபவர்தானே. படித்தாலும் சண்டைக்கு இழுக்க இதில் ஒரு சொல்லும் இல்லை என்று பார்த்துப் பார்த்து எழுதினோம்.

தாளில் இடமில்லை என்கிறார் வடிவமைப்பவர். எழுத்தைச் சிறிதாக்கினால் அம்மாக்களுக்குக் கண் தெரியாது. எங்கள் பெயர் அதில் முதலிலிருந்தே கிடையாது. அடியில் இருப்பது நிதி கொடுத்த கம்பெனியின் லோகோ மட்டும்தான். அதை எடுத்தால் சரியாக மூன்று வரிக்கு இடம் கிடைக்கும். எடுக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் அச்சுக்குப் போகும்.